மகளின் தோள் ஒரு பக்கம் உயர்ந்திருப்பது பற்றி

மார்த்தாண்டத்திலிருந்து எழுதிய அக்காவுக்கு, 12 வயது மகளின் வலது தோள் உயர்ந்திருக்கிறது, பள்ளிப் பையால்தானா, வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் தடவினால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லி, பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து திருகியிருக்கலாம். ஸ்கோலியோசிஸ் என்பார்கள். அது பையால் வருவதில்லை, பிள்ளையைத் திட்டாதீர்கள்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்து வளைவின் கோணத்தை அளப்பார்கள். 10 டிகிரிக்குக் குறைவென்றால் பயமில்லை. 25-ஐத் தாண்டி, வளர்ச்சியும் மிச்சமிருந்தால் பெரும்பாலும் பிரேஸ், அதாவது வளைவு கூடாமல் உடம்பைச் சுற்றி அணியும் தாங்கி, போடச் சொல்வார்கள். தடவல் வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது. இந்த வயதில் உயரம் கூடும்போது வளைவும் வேகமாகக் கூடலாம். அதனால் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள் அக்கா.