மருமகனின் இடுப்புக்கு எந்த உறை?

தோல், தையல், வார் வேலை பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு மட்டக்களப்பில் நாற்பது வருடமாக ஊசி பிடித்தவரின் பதில்கள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் இருக்கிறான். இரவில் ஒரு பெற்றோல் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறான். போன வருடம் சட்டப்படி சின்ன பிஸ்டல் ஒன்று வாங்கினான். சேர்ட்டுக்குள் தெரியாமல் வைப்பதற்கு மிகச் சின்ன உறைதான் நல்லது என்று மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறான். "ஊரில் நல்ல தோலில் தைத்து அனுப்புங்கள் அம்மா" என்கிறான். எனக்கோ பயம். இந்தச் சின்ன உறைகளில் நன்மை என்ன, கெடுதல் என்ன? நீங்கள் தைத்துத் தருவீர்களா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. தைத்துத் தரமாட்டேன். கோபிக்க வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மகன் எனக்கு மருமகன் முறை. அதனால் கேட்கிறேன், அவர் அங்கே குடியுரிமையோடு இருக்கிறாரா, கிரீன் கார்டா, அல்லது விசாவா? தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துவக்கு வைத்திருப்பதை, சில விலக்குகள் தவிர, அந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்ட் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்த, துவக்கு வைத்திருக்கச் சட்டம் தடுக்காத ஒருவர் தனி அனுமதிப்பத்திரம் இல்லாமலே பிஸ்டலைக் கொண்டு திரியலாம். அது அந்த ஊர்ச் சட்டம். எங்கள் ஊரில் ஒருவருடைய சேர்ட் இடுப்பில் உப்பியிருந்தால், பார்க்காதது போல தலையைக் குனிந்துகொண்டு போன காலம் எனக்கு மறக்கவில்லை. உங்கள் பயமும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

சரி, படங்களுக்கு வருவோம்.

முதல் படத்தில் இருப்பது உறையே அல்ல. பிஸ்டலின் பக்கத்தில் திருகாணி போட்டு ஒரு கிளிப் பூட்டி, பேனையைச் சட்டைப்பையில் செருகுவது போல காற்சட்டையில் செருகிவிடுகிறார்கள். இதைவிட மெல்லியதாக எதுவும் செய்ய முடியாது, விலையும் குறைவு. ஆனால் விரலால் இழுத்துச் சுடும் விசைக்கு மறைப்பே இல்லை. இந்தக் காலத்துச் சின்ன பிஸ்டல்கள் பலவற்றில் தனியாகப் பூட்டும் நெம்பு கிடையாது. குளொக் போன்றவற்றில் விசையை இரண்டரைக் கிலோ அளவு பலத்தில் இழுத்தால் போதும், வெடிக்கும். சேர்ட்டின் ஓரமோ, கயிறோ, திறப்புக் கொத்தோ உள்ளே மாட்டினால் அந்தப் பலம் தானாக வந்துவிடும். அதுவும் பிஸ்டலின் வாய் பார்த்திருப்பது எந்தப் பக்கம் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் படத்தை மருமகன் அழித்துவிடட்டும்.

இரண்டாவது, விசை வளையத்தை மட்டும் மூடும் பிளாஸ்டிக் கிண்ணம். கைடெக்ஸ் என்ற தகட்டைச் சூடாக்கி, பிஸ்டலின் வடிவத்துக்கே அழுத்தி எடுக்கிறார்கள். தடிப்பு ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர்தான். ஒரு சின்னக் கயிற்றால் அது பெல்ட்டோடு கட்டப்பட்டிருக்கும். பிஸ்டலை உருவினால் கயிறு இழுபட்டுக் கிண்ணம் கழன்றுவிடும். கெட்டித்தனமான யோசனை, தோல்காரனான எனக்கே பொறாமை. விசை முழுதாக மூடியிருக்கிறது, வியர்வையை உறிஞ்சாது, மெல்லிய ரீ சேர்ட்டுக்குள்ளும் தெரியாது. கனமான உறை வைத்திருப்பவன் நாலு நாள் போட்டுவிட்டு ஐந்தாம் நாள் அலுத்துப்போய் துவக்கைக் காருக்குள் விட்டுவிட்டுப் போவான், அது களவு போகும். சின்ன உறையை ஒவ்வொரு நாளும் போடுவான். இந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கெடுதல் என்னவென்றால், உருவிய பிஸ்டலை ஒரு கையால் திருப்பி வைக்க முடியாது. கிண்ணத்தைக் கையில் எடுத்து, பிஸ்டலை அதற்குள் அழுத்தி, 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் இடுப்பில் செருக வேண்டும். பதற்றத்தில் நிற்பவனுக்கு அந்தப் பொறுமை இருக்குமா? அதோடு இரும்பு நேராக உடம்பில் படும். ஹூஸ்டனும் எங்கள் ஊர் மாதிரிக் கசகசப்புத்தானாம். வியர்வை உப்பில் கறள் பிடிக்கும், துடைக்கத் துடைக்கத்தான் தப்பும்.

மூன்றாவது படம் என் தொழிலுக்குக் கிட்ட வருகிறது. பெல்ட்டில் கோர்க்கும் ஒரு தோல் பட்டை, நடுப்பகுதியை மட்டும் பிடிக்கும், கீழே திறந்திருக்கும். இலேசு. நீளம் கூடக் குறைய இருக்கும் பிஸ்டல்களுக்கும் ஒரே பட்டை பொருந்தும். இரண்டு பக்கமும் வெட்டிய கண்ணிகளை பெல்ட் இழுத்துப் பிடிப்பதால் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். வெளிப் பக்கம் கட்டுவதால் மறைக்கத் தொளதொள சேர்ட் வேண்டும்.

இதில் ஒரு குற்றம் இருக்கிறது, அதை நான் படத்தில் பார்க்கத் தேவையில்லை, அனுபவித்தவன். தொழில் பழகிய புதிதில் படுவான்கரையில் இருந்த மச்சானுக்கு ஒரு கத்திக்கூடு தைத்தேன். தோல் மிச்சம் பிடிக்கும் ஆசை, அழகாகவும் இருக்கட்டும் என்று கழுத்தை மட்டும் பிடிக்கும் வளையமாக, கீழே திறந்து விட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஒரு நாள் அவர் உழவு மெசினின் மட்காட்டில் ஏறி உட்கார்ந்தார். கத்தியின் நுனி இரும்பில் முட்டி, பிடி மேலே எழும்பி, கிறவல் ரோட்டின் அடுத்த குலுக்கலில் கத்தி முழுதாகக் கழன்று தொடையைப் பிளந்தது. ஏழு தையல். என் தையலை விட அது நன்றாக இருந்தது என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். கீழே திறந்த உறையில் பிஸ்டலும் அப்படித்தான், கதிரையில், கார் சீற்றில் உட்காரும்போது வாய் முட்டி மேலே தள்ளும். இரவு முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது சரிவராது.

இனி, நான் ஏன் தைக்கமாட்டேன் என்பது. பிஸ்டல் உறைக்கு மரப்பட்டையில் பதனிட்ட, மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாத விறைப்பான தோல் வேண்டும். கைப்பைக்குப் போடும் குரோம் தோல் மெத்து மெத்தென்று இருக்கும், அது ஆகாது. மெல்லிய தோலில் உறை தைத்தால் நாளடைவில் வாய்ப்பகுதி தளர்ந்து உள்ளே மடியும். பிஸ்டலைத் திருப்பி வைக்கும்போது அந்த மடிப்பே விரல் மாதிரி விசையை அமத்தி, தன் காலிலேயே சுட்டுக்கொண்டவர்கள் அங்கே உண்டு. வாய்க்கு இன்னொரு தோல் பட்டி வைத்து இரட்டையாகத் தைத்தால்தான் அது விறைத்து நிற்கும்.

தோல் சரியாகக் கிடைத்தாலும், அதை நனைத்து, பிஸ்டலை உள்ளே வைத்து, விரலாலும் எலும்புக் கட்டையாலும் அழுத்தி, நிழலில் காயவிட வேண்டும். அங்குள்ளவர்கள் அதற்கென்றே அதே அளவில் நீல நிறப் பிளாஸ்டிக் பொம்மை வைத்திருக்கிறார்கள். என்னிடம் பிஸ்டலும் இல்லை, பொம்மையும் இல்லை. பிஸ்டல் மாதிரி ஒன்றைக் கடை மேசையில் வைத்துக்கொண்டு நான் மட்டக்களப்பில் உட்கார்ந்திருக்கவும் போவதில்லை. அளவை வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்பார். சப்பாத்துக்குக்கூட நான் காலைப் பார்க்காமல் தைத்ததில்லை.

ஆனால் பெல்ட் தைத்துத் தருகிறேன். எல்லாரும் உறையைப் பற்றியே பேசுகிறார்கள், அதைத் தாங்குவது எது என்று கேட்பதில்லை. முன்பு பொலிஸ்காரர்களின் மூடி வைத்த பெரிய உறைகள் என்னிடம் திருத்த வரும். உறை அப்படியே இருக்கும், பெல்ட் கோர்க்கும் கண்ணியில்தான் தையல் விட்டிருக்கும். சின்ன பிஸ்டல்கள் பலவும் தோட்டாவோடு அரைக் கிலோவைத் தாண்டும். கடையில் விற்கும் மெல்லிய பெல்ட்டில் அது சரிந்து தொங்கும், இழுக்கும்போது உறையும் சேர்ந்து வரும். எங்கள் காத்தான்குடி, கல்முனை வியாபாரிகள் சாரத்துக்கு மேல் கட்டிய காசுப் பை வைத்த அகலப் பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை அகலம் வேண்டாம். ஒன்றரை அங்குலம், இரண்டு தோலை ஒட்டி, இரட்டை ஊசியால் தைத்தால் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும். இடுப்பளவை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், இப்போது போடும் பெல்ட்டின் கொக்கியிலிருந்து அவர் பாவிக்கும் துளை வரை.

உறையை அங்கேயே வாங்கட்டும். என்னைக் கேட்டால் அந்த மூன்றில் எதுவுமே வேண்டாம். அவர் பிஸ்டலுக்கே அளவெடுத்த, விசை முழுதும் மூடிய, பிஸ்டல் வெளியே வந்த பிறகும் வாய் திறந்தபடி நிற்கும், காற்சட்டைக்கு உட்புறம் கிளிப்பில் நிற்கும் கைடெக்ஸ் உறை. இரண்டாவது கிண்ணத்தை விடக் கொஞ்சம்தான் தடிப்பு. வீட்டுக்கு வந்ததும் பிஸ்டலை உருவாமல் உறையோடு சேர்த்துக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: வயல் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு ஒரு சொட்கன் வைத்திருக்கிறேன். மாரி மழையில் அதன் தோல் வாரிலும் உறையிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசினேன், வார் நீண்டு தொய்ந்துவிட்டது.
– வாசகர், நாவிதன்வெளி

பதில்: எண்ணெய் தோலை இளக்கிவிடும் அண்ணன், வாருக்கும் உறைக்கும் அது எதிரி. வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியால் துடையுங்கள், நிழலில் காயவிடுங்கள், பிறகு தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்து மினுக்குங்கள். வெயிலிலோ அடுப்படியிலோ காயவைத்தால் வெடிக்கும். துவக்கைத் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவதை இன்றோடு விடுங்கள். கார்த்திகை, மார்கழி ஈரத்தைத் தோல் குடித்து இரும்புக்குக் கொடுக்கும். உறை வயலுக்குப் போகும்போது மட்டும், வீட்டில் துவக்குத் தனியாக, உறை தனியாக. வருடாவருடம் அனுமதி புதுப்பிக்கப் போகும்போது வாரின் தையலையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: பெல்ட்டில் கிளிப்பால் மாட்டும் ஃபோன் உறை. மோட்டார் சைக்கிளில் போகும்போது இரண்டு ஃபோன் விழுந்துவிட்டது. நல்ல கிளிப் எங்கே வாங்கலாம்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கிளிப்பே வேண்டாம் தம்பி. பின்பக்கத்தில் பெல்ட் கோர்க்கும் இரண்டு கண்ணியும், மேலே மூடி வைத்து ஒரு பொத்தானும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தையும் மூடித் தைக்கச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை போதும். மூன்றாவது ஃபோன் வாங்கிவிட்டு அளவோடு வாருங்கள்.