கண்டெடுத்த காசும் கடைத்தேங்காயும்: மொரீஷியஸ் வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. போன சனிக்கிழமை கத்ர் போர்ன் பசார்லேர்ந்து பஸ்ல திரும்பி வர்றப்போ என் சீட்டுக்கு அடியில ஒரு மடிச்ச பேப்பர் கிடந்துச்சு, பிரிச்சா உள்ள ஒரு ஐநூறு ரூபா நோட்டு, ரெண்டு நூறு ரூபா நோட்டு. பேப்பர்ல பென்சில்ல பிரேட் (கீரை), ஜிரோமோன் (பூசணி), பொம்தாமூர் (தக்காளி)னு எங்க ஊரு கிரியோல் பாஷைல காய்கறி லிஸ்ட், கை நடுங்கி எழுதின மாதிரி எழுத்து, பேரு நம்பர் எதுவும் இல்ல. கண்டக்டர்ட்ட கேட்டேன், யாருதுன்னு நான் எங்க போய்த் தேடறதுன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டார். வீட்டுக்காரர் கோவில் உண்டியல்ல போடுன்றார், பொண்ணு தெருநாய்ங்களுக்கு சாப்பாடு வாங்கலாம்ன்றா, எனக்கு எங்க தெருவுல தனியா இருக்கிற ஒரு பாட்டிக்கு ஏதாவது வாங்கித் தரணும்னு தோணுது. எழுநூறு ரூபாய வச்சு ஒரு நல்ல காரியம் பண்ணணும், எது சரின்னு நீங்களே சொல்லுங்க.
வாசகி, ரோஸ் ஹில்

பதில்: தங்கச்சி, மூணு பேர் நினைச்சதும் நல்லதுதான், ஆனா மூணு பேருமே ஒரு படியத் தாண்டிக் குதிச்சுட்டீங்க. கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறதுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க இல்லையா, காசு இன்னொருத்தரோடதா இருக்கிற வரைக்கும் உண்டியலும் அதேதான், நாய் சாப்பாடும் அதேதான்.

அந்தப் பேப்பர இன்னொரு தடவ எடுத்துப் பாருங்க. லிஸ்ட்டு இருக்கு, காசும் அப்படியே இருக்கு, அப்போ காய் வாங்கிட்டு வர்றப்போ விழுந்தது இல்ல அது, போறப்பவே விழுந்திருக்கு. பஸ் பசாருக்குப் போய் அங்கேர்ந்து திரும்பி வந்தப்போ உங்க கண்ணுல பட்டுருக்கு. அப்படின்னா யாரோ ஒருத்தர் அன்னைக்கு காலைல பசார்ல ஜிரோமோன கையில தூக்கிப் பாத்துட்டு பையில கைய விட்டுத் தேடிட்டு, வெறும் கூடையோட வீட்டுக்குத் திரும்பியிருக்காங்க. இத எழுதறப்போ எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகுது.

வயசானவங்களாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். இப்ப பாதி ஊரு போன்ல ஜூஸ்னு ஒரு பேங்க் ஆப் வச்சுத்தான் காசு குடுக்குது, நோட்டை லிஸ்ட்டோட மடிச்சு எடுத்துட்டுப் போறது பெரியவங்க பழக்கம். 2005-லேர்ந்து வயசானவங்களுக்கும் படிக்கிற பசங்களுக்கும் பஸ் ஃப்ரீ, அதனால அவங்க டிக்கெட்டுக்கு காசு எடுக்க மாட்டாங்க, ஆனா கண்டக்டர்ட்ட காட்ட கார்ட எடுப்பாங்க இல்ல, அந்தக் கார்டோட சேந்து மடிச்ச பேப்பரும் வெளிய வந்து விழறதுக்கு ஒரு நிமிஷம் போதும்.

இனிமே செய்ய வேண்டியது. அங்க புதனும் சனியும்தான் காய்கறி பசார், வியாழனும் ஞாயிறும் துணி. பசாருக்குப் போறவங்க பெரும்பாலும் அதே நாள் அதே நேரத்து பஸ்லதான் போவாங்க. அதனால வர்ற புதன் ஒரு தடவ, சனி ஒரு தடவ, காலைல பசாருக்குப் போற பஸ்ல நீங்களே ஏறுங்க. கண்டக்டர் வேற ஆளா இருந்தா இன்னும் நல்லது, அவர்ட்டயும் சொல்லி வைங்க. பக்கத்து சீட்டுல பெரியம்மா யாராவது உக்காந்திருந்தா பேச்சுக் குடுங்க, போன வாரம் யாராவது காசத் தொலைச்சதா சொன்னாங்களான்னு. எவ்வளவுன்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க! எத்தன நோட்டு, எதுல மடிச்சு வச்சிருந்தீங்கன்னு அவங்கதான் சொல்லணும். போலீஸ் ஸ்டேஷன்லயும் பஸ் டிப்போவுலயும் ஒரு வார்த்த சொல்லி உங்க நம்பரக் குடுத்துட்டு வந்துடுங்க. எழுநூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலான்னு வீட்டுக்காரர் கேப்பார், தொலைச்சவங்களுக்கு அது ஒரு வாரத்துக் காய்ன்னு சொல்லுங்க.

ஒரு மாசம் பாத்தும் யாரும் வரலன்னா அப்புறம் நல்ல காரியம். இதுல என் அபிப்பிராயம் ஒண்ணுதான், காசத் தொலைச்சவங்க அத எதுக்கு வச்சிருந்தாங்களோ அதுக்கே போகட்டும். அது காய்கறிக்கு வச்சிருந்த காசு. உங்க தெருவுல ஒரு லாபுத்திக் இருக்கும், கடனுக்குச் சாமான் வாங்கறவங்களுக்கு இன்னும் கார்னே போட்டுக் குடுக்கிற பழைய கடை. இந்தியாவுல இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன், கார்னேன்னா கடைக்காரர் எழுதி வைக்கிற கடன் நோட்டு, மாசக் கடைசில கட்டிக்கலாம்னு வாங்கிட்டுப் போறது. யாரு கட்ட முடியாமத் திணறறாங்க, யாரு வெட்கப்பட்டுட்டு கடைப்பக்கமே வர்றதில்லன்னு அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். அவர்ட்ட குடுத்து, வயசானவங்க யாரு கணக்குலயாவது கழிச்சுக்கங்க, யாருன்னு எனக்குச் சொல்ல வேணாம், நான்னு அவங்களுக்குச் சொல்ல வேணாம்னு சொல்லிட்டு வாங்க. உங்க தெருப் பாட்டி பேரே அந்த கார்னேல இருந்தாலும் இருக்கும். காய்கறியா வாங்கி நேர்ல கொண்டு போய்க் குடுத்தாலும் சரிதான், ஆனா குடுக்கிற கையப் பாத்து வாங்கறது சில பேருக்கு ரொம்பக் கஷ்டம், அதனாலதான் இந்த வழி. கூட உங்க கையிலேர்ந்து ஒரு நூறு ரூபாயாவது போடுங்க. அப்பத்தான் அது கடைத்தேங்காயா இருக்காது. பொண்ணுட்ட சொல்லுங்க, நாய்ங்களுக்கு அவ சேத்து வச்ச காசுலேர்ந்து வாங்கட்டும், அவ மனசு பெரிய மனசு.

கேள்வி: ஆண்ட்டி, ஸ்கூல் கேண்டீன் பக்கத்துல எனக்கு நூறு ரூபா கிடைச்சுது. டீச்சர்ட்ட குடுத்தா யாரோ எடுத்துப்பாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. நான் ஏதாவது நல்லது பண்ணலாமா?
மாணவன், போர்ட் லூயிஸ்

பதில்: தம்பி, முதல்ல டீச்சர்ட்டயே குடு, குடுக்கிறப்போ கூட ஒரு ஃப்ரெண்ட கூட்டிட்டுப் போ. ஆனா அதோட விட்டுடாத. கேண்டீன் வாசல்ல காசத் தொலைச்சவன் அன்னைக்கு இடைவேளைல எதுவும் வாங்கித் தின்னிருக்க மாட்டான். வழக்கமா பன்னு வாங்கறவன் யாரு அன்னைக்கு சும்மா நின்னுட்டு இருந்தான்னு யோசி, அவன்ட்ட மெல்லமாக் கேளு. கிடைக்கலன்னா டீச்சர்ட்ட சொல்லி, காசு கொண்டு வராத பையனுக்கு அதே கேண்டீன்லயே ஏதாவது வாங்கிக் குடுக்கச் சொல்லு. அந்த நூறு ரூபா நோட்டுல இருக்கிற முகம் யாருன்னு தெரியுமா? ரங்கநாதன் சீனிவாசன், நம்ம தமிழர், வக்கீல், இந்த நாட்டுப் பசங்க படிப்புக்காக உழைச்சவர், 1968-ல சுதந்திரம் வர்றதப் பாக்காமலே 1958-ல போய்ட்டார். நோட்டுல தமிழ் எழுத்தும் இருக்கு, படிச்சுப் பாரு. 1998-ல வந்த புது நோட்டுல தமிழ் இருந்த இடத்த மாத்திட்டாங்கன்னு நம்ம ஜனங்க எல்லாரும் சேந்து குரல் குடுத்ததால, பேங்க் ஆஃப் மொரீஷியஸ் அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கிச்சு. அப்பாவக் கேளு, ஞாபகம் வச்சிருப்பார்.

கேள்வி: கிடைச்ச காச உண்டியல்ல போட்டா சாமி பாத்துக்கும், எதுக்கு இவ்வளவு யோசனைன்னு எங்க வீட்டுல சொல்றாங்க. உங்க அபிப்பிராயம்?
வாசகர், கியூர்பைப்

பதில்: ஐயா, உண்டியல் காணிக்கைக்கு. காணிக்கைன்னா நம்ம உழைப்புலேர்ந்து எடுத்து வைக்கிறது. உண்டியல்ல விழுந்த காச தொலைச்சவங்க வந்து கேட்டாக்கூட திருப்பி எடுக்க முடியாது, அதான் எனக்கு அதுல பயம். கோவிலுக்கே போகணும்னு வீட்டுல ரொம்ப ஆசப்பட்டா, ஆஃபீஸ்ல குடுத்து, இது கிடைச்ச காசு, யாரும் கேட்டு வரலன்னா தைப்பூசக் காவடி அன்னைக்கு ஏழு கறி சாப்பாட்டுச் செலவுல சேத்துக்கங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க, தேதியும் கிடைச்ச இடமும் போட்டு.