பழைய மோட்டார் கனோவுக்குப் பொருத்தமான பழங்கால இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்தும்) எஞ்சினை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எஞ்சினைத் தேடும் முன் படகின் அடித்தளத்தைப் பாருங்கள். எஞ்சின் உட்கார்ந்திருந்த மரக்கட்டைகள், போல்ட் துளைகளின் இடைவெளி, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு வெளியேறும் சரிவு, இவை மூன்றும் முன்பு என்ன அளவு எஞ்சின் இருந்தது என்று சொல்லிவிடும்.

கனோ ஒல்லியான, எடை குறைந்த உடல். 18 அடி நீளக் கனோவுக்கு 2 அல்லது 3 குதிரைத்திறன் தாராளம். அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே போனாலே ஒரு சுற்று முடியும் வகை) எஞ்சின்களில் இலகுவானதாகப் பாருங்கள். கனடாவின் அகேடியா, அட்லாண்டிக் எஞ்சின்கள் பெயர் பெற்றவை. ஆனால் மீன்பிடிப் படகுக்கென வந்தவை, கனோவுக்குப் பெரும்பாலும் கனம் அதிகம்.

பலரும் குதிரைத்திறனைக் கேட்பார்கள், ஃப்ளைவீலின் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) விட்டத்தை அளக்க மறப்பார்கள். அது அடிப்பலகையில் இடித்தால் எல்லாம் வீண்.

வாங்கும் முன் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் உறையில் தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு விடுங்கள். குளிரில் உள்ளே நீர் உறைந்ததால் வெடித்த வார்ப்பிரும்பு மயிரிழை விரிசலில் கசியும். அப்புறம் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் (அந்தத் தண்டு சுழலும் அடிப்பெட்டி) அழுத்தம்தான் எரிகலவையை மேலே தள்ளுகிறது. பேரிங் தேய்ந்து அந்த அழுத்தம் கசிந்தால் எஞ்சின் கிளம்பாது. கார்புரேட்டர், பற்றவைப்புச் சுருள் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம், சரி.