எஞ்சின் ஓடும்போது மட்டும் ஏன் இடப்பக்கம் கவிழ்கிறது?

கேள்வி: 36 அங்குல இறக்கை கொண்ட, ரிமோட் இல்லாமல் தானே பறக்கும் ‘டாம்பாய்’ மாதிரி விமானம் ஒன்றை பால்சா மரத்தில் கட்டி, 0.75 சிசி டீசல் எஞ்சின் பொருத்தியிருக்கிறேன். கையால் விட்டால் அழகாக மிதந்து இறங்குகிறது. எஞ்சினை ஓட்டி விட்டால் இடப்பக்கம் சுழன்று மூக்குக் குத்துகிறது. சுக்கானை வலப்பக்கம் வளைத்தேன். அடுத்த முறை வலப்பக்கம் சுழன்று விழுந்தது. இரண்டு புரொப்பெல்லர் உடைந்ததுதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சுக்கானைப் பழையபடி நேராக்குங்கள். தவறு அங்கே இல்லை.

விக் ஸ்மீட் 1950-இல் வடிவமைத்த டாம்பாய் நல்ல சுபாவம் உள்ள விமானம். ஆனால் எந்த விமானத்திலும் புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் உருளப் பார்க்கும். பின்னாலிருந்து பார்க்கையில் உங்கள் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் இடது இறக்கை தாழ்கிறது. எஞ்சின் நின்றதும் அந்த விசை போய்விடும். சுக்கானின் வளைவோ போகாது. போதாததற்கு, எஞ்சின் ஓடும்போது வேகமும் புரொப்பெல்லர் காற்றும் சேர்ந்து அந்தச் சிறு வளைவைப் பல மடங்கு வலுவாக்கும். எஞ்சினோடு வந்து எஞ்சினோடு போகும் கோளாறுக்கு எஞ்சினையே திருப்பி வைப்பதுதான் மருந்து.

அதற்குமுன் இறக்கையைப் பாருங்கள். கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பின்னாலிருந்து நோக்குங்கள். டோப் (தாளை இறுக்கப் பூசும் வார்னிஷ்) காயும்போது, மேலே ஒட்டிய டிஷ்யூ தாள் இழுத்து இறக்கையை முறுக்கியிருக்கலாம். இடது நுனியின் பின்விளிம்பு வலதைவிட மேலே தூக்கியிருந்தால், பாதிக் குற்றவாளி அதுதான். கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். மறுநாள் மறுபடி பாருங்கள்; பழைய முறுக்கு திரும்பி வரும் வழக்கம் உண்டு.

இனி எஞ்சின். அதைத் தாங்கும் மரச்சட்டங்களின் போல்ட் துளைகளை ஊசி அரத்தால் கொஞ்சம் நீட்டி, பின்னாலிருந்து பார்க்கையில் எஞ்சினின் மூக்கு வலப்பக்கம் 2 டிகிரி திரும்பும்படி இறுக்குங்கள். விமானம் மூக்கைத் தூக்கி ஏறித் திணறினால், எஞ்சினின் பின் போல்ட்டுகள் இரண்டின் அடியிலும் மெல்லிய வாஷர் வையுங்கள். முன் துளைக்கும் பின் துளைக்கும் இடையே அரை அங்குலம் இருந்தால், அரை மில்லிமீட்டர் வாஷரே எஞ்சினின் மூக்கை ஏறத்தாழ 2 டிகிரி தாழ்த்திவிடும். ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தெரியாமல் விழித்த காலை எனக்கும் உண்டு.

மிதந்து இறங்கும்போது வலப்பக்கம் அகலமாக வட்டமிட வேண்டுமா? அதற்கும் சுக்கான் வேண்டாம். வால் இறக்கையின் வலது நுனி 3 மில்லிமீட்டர் உயரும்படி அடியில் ஒரு பால்சா சீவலைச் செருகுங்கள். உயர்ந்த பக்கம் திரும்பும்.

முதல் பறப்புகளுக்குப் பழைய தந்திரம் ஒன்று: புரொப்பெல்லரை முன்பின்னாக மாட்டுங்கள். சுற்றும் திசை மாறாது, இழுவை மட்டும் குறையும். எரிபொருளை ஊசிக்குழாயால் அளந்து ஊற்றி, எத்தனை விநாடி ஓடுகிறது என்று தரையிலேயே ஸ்டாப்வாட்சில் பார்த்துவிடுங்கள். 5 விநாடியில் தொடங்குங்கள். சாதுவாக ஏறினால் 10. ஈதர் கலந்த எரிபொருள், ஆகவே பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சரியாகப் பறக்கத் தொடங்கிய பிறகுதான் விமானம் தொலையும். வெயில் ஏறி, பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமிடும் நேரத்தில், எஞ்சின் நின்ற பின்னும் வெப்பக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காற்றில்லாத அதிகாலையில் பறக்கவிடுங்கள். வால் இறக்கையின் பின்விளிம்பு குறித்த நேரத்தில் 45 டிகிரி மேலே எழும்படி ரப்பர் வளையத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விமானம் முன்னே போவதை விட்டுக் கிடைமட்டமாகவே கீழே அமிழும். ரப்பரை அறுக்க அந்தக் காலத்தில் புகையும் திரி வைத்தார்கள். காய்ந்த வைக்கோல் கிடக்கும் வயலில் அது வேண்டவே வேண்டாம். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையைப் பிரித்தால் உள்ளே இருக்கும் சிறு பொறியே நல்ல டைமர்.

இறக்கையின் அடியில் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையில் பெரிதாக எழுதிவிடுங்கள், “கண்டெடுத்தால் அழைக்கவும், ஆபத்தில்லாத பொம்மை விமானம்” என்ற வரியோடு.