மாடித் தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: அல்சூரில் மொட்டைமாடியில் வெண்டை வளர்க்கிறேன். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அனாமிகா ரகம். ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே நீளமான காயை முற்றவிட்டு அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்கிறேன். காய் ஒரு விரற்கடைகூட நீளவில்லையே, ஏன்?
– ஓர் இல்லத்தரசி, பெங்களூரு

பதில்: நீளாது அம்மா. நீங்கள் பொறுக்கியது காயை. பொறுக்க வேண்டியது செடியை. ஒரே செடியின் நெட்டைக் காய்க்கும் குட்டைக் காய்க்கும் தாய் ஒன்றுதானே!

செடி பார்த்தே பொறுக்கியிருந்தாலும் இந்த ரகத்தில் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. அனாமிகா, பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய ரகம். செடிக்குச் செடி மரபில் வேறுபாடு மிகக் குறைவு. உங்கள் மாடியில் ஒன்று மட்டும் ஓங்கி நிற்கிறதென்றால் எருவோ, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத வெயிலோதான் காரணம். டென்மார்க்கின் தாவரவியலாளர் ஜோஹன்சன் 1903-லேயே பீன்ஸை வைத்து இதைக் காட்டிவிட்டார். ஒரே தூய வழியில், அதாவது தன் மகரந்தத்திலேயே காய்த்த ஒரே செடியின் வாரிசுகளில், பெரிய விதையை விதைத்தாலும் சிறியதை விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை மாறவில்லை.

ஆசை விடவில்லையா? ஓசூர், தருமபுரிப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் கொல்லையில் காய்க்கும் நாட்டு வெண்டை விதைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவுத் தொட்டி, ஒரே மண் கலவை, ஒரே நாள் விதைப்பு, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் பூ எந்தக் கணுவில் வந்தது, கணுக்கள் நெருக்கமா, மஞ்சள் நரம்புத் தேமல் தாக்கியதா என்று பாருங்கள். கடைசியதுதான் முக்கியம். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பூசா சவானி ரகம் அந்த நோயில்தான் விழுந்தது. அனாமிகாவுக்கு எதிர்ப்புச் சக்தி வெண்டையின் காட்டு உறவுச் செடி ஒன்றிலிருந்து வந்தது. மொத்த விளைச்சலை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது மரபைவிட எரு, தண்ணீரின் பேச்சையே அதிகம் கேட்கும்.

பிடித்த செடியில், மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியை மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். வெண்டைப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். தேனீ புகுந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தமும் சேர்ந்துவிடும். காம்பில் வண்ண நூல் ஒன்றும் கட்டுங்கள். இல்லையென்றால் விதைக்காய் சாம்பாருக்குப் போய்விடும். என் வீட்டில் அப்படித்தான் போகிறது.

கேள்வி: அர்க்கா ரக்ஷக் தக்காளியிலிருந்து விதை எடுக்கலாமா?
– ஜெயநகர் வாசகர்

பதில்: எடுக்கலாம், அதே தக்காளி வராது. அது முதல் தலைமுறைக் கலப்பினம். இலைச்சுருள், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் குணம் அடுத்த தலைமுறையில் பிரிந்துபோகும். ஒரு செடி தாங்கும், அடுத்தது சாயும். சமையலுக்கு என்றால் புது விதை வாங்குங்கள். இருபது தொட்டிக்கு இடமும் பொறுமையும் உள்ளவர் மட்டும் விதை எடுத்து நல்ல செடியைப் பொறுக்கும் வேலையில் இறங்கலாம்.