தினசரிப் பழக்கங்கள் எல்லாம் இரண்டே வாரத்தில் நின்றுவிடுகின்றன. தொடர்ந்து செய்வது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: உடற்பயிற்சி, வாசிப்பு, டைரி, புதிதாக ஒரு மொழி என்று நான்கையும் ஒரே நாளில் ஆரம்பித்தீர்கள். பத்துப் பதினைந்து நாள் ஓடியது. அப்புறம் ஒவ்வொன்றாக நின்றுபோனது. மன உறுதி இல்லையா, மறுபடி எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

மன உறுதிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடலாம். பத்து நாள் நான்கு வேலைகளையும் விடாமல் செய்தவருக்கு உறுதியில் பஞ்சம் இருக்க வாய்ப்பில்லை. பழக்கத்திடம் அது தர முடியாத ஒன்றை எதிர்பார்த்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழக்கமாகிவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறோம். பல் துலக்குவதற்கு இது சரி. பிரஷை எடுத்ததிலிருந்து வாய் கொப்பளிப்பது வரை மனம் வேறெங்கோ இருக்கலாம். ஆனால் கடினமான ஒரு புத்தகத்தின் இருபது பக்கம் அப்படித் தானாக நகராது. முதுகு வலிக்காக நான் காலையில் சில பயிற்சிகள் செய்கிறேன். வருடக்கணக்காகச் செய்தும் பாதியில் அலுப்பு வரத்தான் செய்கிறது. மாறியது ஒன்றுதான்: பல் துலக்கிவிட்டு வந்து விரிப்பில் உட்காரும்போது, செய்யலாமா வேண்டாமா என்ற பேச்சு மனதுக்குள் எழுவதில்லை. பழக்கமாவது தொடங்குவது மட்டும்தான். மிச்சம் எப்போதும் வேலையாகவேதான் இருக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அலிசன் பிலிப்ஸ், பெஞ்சமின் கார்ட்னர் என்ற இரு உளவியலாளர்கள் 2016ல் வெளியிட்ட ஆய்வில் உடற்பயிற்சியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குக் கிளம்புவது தானாக நடக்கிறதா என்பது ஒன்று, பயிற்சியைச் செய்வது தானாக நடக்கிறதா என்பது இன்னொன்று. ஒருவர் எவ்வளவு அடிக்கடி உடற்பயிற்சி செய்வார் என்பதை முதலாவது காட்டிக்கொடுத்தது, இரண்டாவது காட்டவில்லை. ஆகவே, 'இன்னும் கஷ்டமாக இருக்கிறதே, பழக்கமே ஆகவில்லை போல' என்று பதினைந்தாம் நாள் மனம் விட்டுப்போகத் தேவையில்லை. கஷ்டமாக இருப்பது இயல்பு. கவனிக்க வேண்டியது, தொடங்க எவ்வளவு யோசிக்கிறீர்கள் என்பதைத்தான்.

சரி, தொடங்குவதை எப்படிப் பழக்குவது? நேரத்தைச் சொல்லி வைப்பதைவிட, ஏற்கனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு கட்டிவிடுவது நல்லது. 'காலை ஆறு மணிக்கு' என்பதை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆறே கால் ஆகிவிட்டால், 'சரி, நாளைக்குப் பார்ப்போம்' என்று சொல்ல ஒரு காரணமும் கிடைத்துவிடும். 'பல் துலக்கியவுடன்' என்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை. எழுந்தது எட்டு மணிக்கானாலும் பல் துலக்கியே தீருவீர்கள். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பதன் பலனை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்த வழியில் 2002ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வை எனக்கு மிகவும் பிடிக்கும். கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் எதையும் வலியுறுத்தவில்லை. இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சியின் அவசியத்தை எடுத்துச்சொல்லி ஊக்கம் கொடுத்தார்கள். மூன்றாவது குழு அதையும் கேட்டது, கூடவே அடுத்த வாரம் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதியும் கொடுத்தது. அந்த வாரம் ஒரு தடவையாவது உடற்பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், ஊக்கம் பெற்ற குழுவில் 35, எழுதிக்கொடுத்த குழுவில் 91. ஒரு வாரக் கணக்கை வைத்து ஆயுள் முழுவதற்கும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் வெறும் ஊக்கப் பேச்சு, எதுவுமே சொல்லாததைவிட மேலாக இல்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் தன்னம்பிக்கை வீடியோ பார்ப்பவர்கள் இந்த 35ஐ ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ஏன் சரியாக இரண்டு வாரத்தில் நிற்கிறது என்பது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள். இந்த 21, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. முகத்தை மாற்றி அமைத்துக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார் அவர். அதில் 'குறைந்தது' எப்படியோ உதிர்ந்துபோய், முகமும் உதிர்ந்து, எண் மட்டும் மிஞ்சியது. உண்மையில் அளந்து பார்த்தவர் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர். லண்டனில் அவரும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கண்காணித்து, முடிவுகளை 2009ல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி சார்ந்த ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சூழலில் செய்ய வேண்டும். அது தானாக நடக்கும் பழக்கமாக எத்தனை நாள் ஆனது என்று கணக்கிட முடிந்தவர்களில் நடுவில் நின்ற எண் 66 நாள். வேகமானவருக்கு 18, மெதுவானவருக்கு 254 என்று மதிப்பிட்டார்கள். உடற்பயிற்சி போன்றவை தண்ணீர் குடிப்பதைவிட அதிக நாள் எடுத்தன.

ஆக, பதினைந்தாம் நாள் என்பது புதுமை தீர்ந்துபோய், பழக்கமும் இன்னும் வந்து சேராத இடைவெளி. ஆரம்பச் சூரர்கள் எல்லாரும் விழுகிற இடம் அதுதான். உங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால்தான் இந்த ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாமல் தொடர்ந்து செய்த நாட்களை எண்ணும் ஆப்களின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எண்ணிக்கை ஏறும்போது குஷியாக இருக்கும். ஒரு நாள் காய்ச்சலில் அது பூஜ்யமானதும், அதுவரை செய்தது எல்லாமே வீண் என்று ஒரு பொய்யைச் சொல்லும். எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் மாதத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணுங்கள்.

எவ்வளவு செய்வது என்பதில் நான் கறார். உற்சாகமான ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறோம். அதைச் செயல்படுத்துவதோ வேலை முடித்துத் தலைவலியோடு திரும்பும் புதன்கிழமை. அந்தப் புதன்கிழமையிலும் முடிகிற அளவு எதுவோ அதைத்தான் தினசரி அளவாக வைக்க வேண்டும். இரண்டு பக்கம், ஐந்து நிமிடம், அவ்வளவுதான். நல்ல நாளில் கூடுதலாகச் செய்யலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் 'தினமும் ஒரே ஒரு தண்டால் போதும், வாழ்க்கை மாறிவிடும்' என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தண்டால் உங்களை விரிப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தசைக்கு அதற்கு மேல் வேண்டும். தொடங்குவது பதிந்த பிறகு அளவைக் கூட்டியே ஆக வேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2011ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தியேட்டருக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிய பாப்கார்னையும் சிலருக்கு ஒரு வாரம் பழசானதையும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் கொறித்தே பழகியவர்கள், பழசு பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, புதிய பாப்கார்ன் கிடைத்தவர்கள் அளவுக்குத் தின்றார்கள். வேறொரு அறையில் உட்கார வைத்தபோது அப்படி நடக்கவில்லை. நாக்கைவிட நாற்காலி சொன்னதைக் கை கேட்டிருக்கிறது. படுக்கையில் போனை நோண்டிப் பழகியவர் அதே படுக்கையில், அதே தலையணையில் சாய்ந்து வாசிக்கப் போனால், கை போனைத்தான் தேடும். வாசிக்க வேறு நாற்காலி போடுங்கள். போனுக்கு வேறு அறை.

இனி நான்கில் எது முதலில் என்பதற்கு வருகிறேன். நான்குமே தினமும் செய்ய வேண்டியவைதானா? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, தசைகளுக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது. நாட்களை நிலையாக வைத்துக்கொண்டால், வாரத்தில் மூன்று நான்கு நாளிலேயே இதை முடித்துவிடலாம். வாசிப்பை விடுமுறை நாளில் ஒரே மூச்சாக மூன்று மணி நேரம் செய்தாலும் குறை ஒன்றும் வந்துவிடாது. இடைவெளி விட்டால் உண்மையிலேயே அடிவாங்குவது மொழிதான். கற்ற சொற்கள் சில நாளிலேயே மங்க ஆரம்பிக்கும், வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகப் படிப்பதைவிடத் தினமும் கொஞ்சம் படிப்பது நினைவில் தங்கும். ஆகவே தினசரி இடத்தை மொழிக்குக் கொடுங்கள். பல் துலக்கியவுடனோ, மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவியவுடனோ, எது உங்களுக்குத் தவறாமல் நடக்குமோ அதோடு கட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் மற்றவற்றை இதற்குள் நுழைக்காதீர்கள். டைரியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்தால், அது பிடித்துச் செய்ததாகவே தெரியவில்லை. யாரோ நல்லது என்றார்கள் என்பதற்காகத்தான் சேர்த்தீர்கள் என்றால், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.