டெனர் குரலுக்கு அவசரம் ஆகாது: ஓபரா பாடகராக விரும்பும் மகனின் தாய்க்கு

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடிக்கப்போகும் மகனை இந்த வருடமே ஐரோப்பாவுக்கு ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம், படிக்க அனுப்பாவிட்டால் காலம் கடந்துவிடுமா என்பது ஒன்று. அனுப்பினால் அந்தத் தொழில் அவனுக்குச் சோறு போடுமா என்பது இன்னொன்று. உங்கள் கணவர் வீட்டு மனையை விற்க ஆள் பார்க்கிறார் என்று எழுதியிருப்பதால் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். காலம் கடக்காது. மனை விற்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு டெனர் குரல், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல், என்று குவாயர் (பாடகர் குழு) மாஸ்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் 17 வயதில் உங்கள் மகனிடம் இருப்பது இனிமேல் டெனர் ஆகக்கூடிய ஒரு குரல். பையன்களுக்குக் குரல் உடைவது பதின்வயதின் நடுவிலேயே முடிந்துவிடும். குரல்வளையும், அதைத் தாங்கும் தசைகளும், மூச்சின் பலமும் மட்டும் இருபதுகளின் கடைசி வரை உறுதிப்பட்டுக்கொண்டே இருக்கும். குரல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் இப்போதே தெரியாது. பின்னாளில் டெனராகப் புகழ்பெற்ற பிளாசிடோ டொமிங்கோ மெக்ஸிகோவில் பாரிடோனாகத்தான் (டெனரைவிடத் தாழ்ந்த ஆண்குரல்) குரல் தேர்வுக்குப் போனார். கார்லோ பெர்கோன்சி சில வருடங்கள் பாரிடோன் பாத்திரங்களைப் பாடிய பிறகு 1951இல் டெனராக மேடையேறினார். அதனால் உறவினர்களிடம் "எங்க பையன் டெனர்" என்று இப்போதே முத்திரை குத்த வேண்டாம்.

ஓபராவில் மைக் கிடையாது. அறுபது, எழுபது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி, இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கின் கடைசி வரிசைக்கு வெறும் குரல் போய்ச் சேர வேண்டும். கத்தினால் சேராது. பயிற்சி பெற்ற ஆண்குரலில் சுமார் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஒலி திரண்டு நிற்கும். ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி அந்த உயரத்தில் தணிந்துவிடும், மனிதக் காதும் அங்கேதான் கூர்மையாகக் கேட்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் குரல் கேட்கிறது. தொண்டைக்குள் இடத்தை அமைத்துக்கொள்ளும் இந்த வித்தை கைவர ஆண்டுகள் பிடிக்கும். அது கைவராத பையன் யூடியூபில் பெரிய பாடகர்களைக் கேட்டுவிட்டு அதே சத்தத்துக்கு ஆசைப்பட்டால் தொண்டையால் நெட்டித் தள்ளுவான். குரல்நாண்களில் முடிச்சு வருவது இப்படித்தான். எனக்கு மிகவும் கவலை தருவது இதுவே. ஆகவே வீட்டில் அவன் என்ன பாடிப் பழகுகிறான் என்று கொஞ்சம் கவனியுங்கள்.

உலகப் புகழ்பெற்ற டெனர் பவரொட்டியின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். இத்தாலியின் மொடேனா ஊர். அப்பா பேக்கரித் தொழிலாளி, அம்மாவுக்குச் சுருட்டு ஆலையில் வேலை. 1954இல், 19 வயதில் முறையாகப் பாட்டுப் படிக்கத் தொடங்கியவர், சாப்பாட்டுக்குத் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்தார், பிறகு இன்சூரன்ஸ் பாலிசி விற்றார். நடுவில் குரல்நாணில் முடிச்சு வந்து பாட்டையே விட்டுவிட முடிவெடுத்தார். முதல் ஓபரா மேடை கிடைத்தது 1961இல். அதாவது ஏழு வருடப் படிப்பு. அதற்குப் பிறகும், 1965இல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் உடன் பாடிய பாடகி ஜோன் சதர்லாண்டைப் பார்த்துத்தான் மூச்சைத் தாங்கும் விதத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஒரே பாட்டில் ஒன்பது முறை ஹை சி என்ற உச்ச சுரத்தைப் பாடி உலகமே பேசும் பெயரானது 1972 பிப்ரவரியில். அப்போது வயது 36.

ஜெர்மன் டெனர் யோனாஸ் காஃப்மன் இன்னும் பொருத்தமான உதாரணம். மியூனிக்கில் கணிதம் படிக்கப் போய், அதை விட்டு இசைக்கு வந்தவர். 1994இல் சார்ப்ரூக்கன் என்ற சிறிய நகரத்து அரங்கில் வேலை கிடைத்தது. அங்கே சீக்கிரமே குரல் தடுமாறியது. வேறொரு ஆசிரியரிடம் பாடும் முறையையே முதலிலிருந்து மாற்றிக்கொண்டார். மெட்ரோபாலிட்டனில் அவர் அறிமுகமானது 2006இல், அவருக்கும் 36 வயதில். 18 வயதில் கல்லூரியில் சேர்ந்தாரா 21 வயதில் சேர்ந்தாரா என்பது இப்படிப்பட்ட பயணத்தில் பெரிய வித்தியாசம் செய்யாது.

இனி சோறு. வாய்ப்பு அதிகமுள்ள நாடு ஜெர்மனி; அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் அங்கே சுமார் எண்பது. இளம் பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். தொடக்கநிலைச் சம்பளம் பெரிது அல்ல. வரிப்பிடித்தம் போக ஒருவர் சிக்கனமாக வாழலாம், ஊருக்கு நிறைய அனுப்ப முடியாது. ஒப்பந்தம் ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான், நிர்வாகம் மாறினால் வெளியே போக நேரலாம். தனியாக ஒப்பந்தம் பிடித்துப் பாடுபவர்கள் நிலை இன்னும் கடினம். ஒத்திகை ஐந்தாறு வாரம், தங்கும் செலவு பெரும்பாலும் சொந்தக் காசு, பணம் பாடிய நிகழ்ச்சிக்கு மட்டும். சளி பிடித்தால் அன்றைய கூலி இல்லை. 2020இல் அரங்குகள் மூடியபோது பெரிய பெயர் உள்ளவர்களும் பல மாதம் வருமானமில்லாமல் இருந்தார்கள்.

ஆனால் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: அதே அரங்குகளில் ஓபரா குவாயர் என்று தனிப் பிரிவு உண்டு. முழுநேர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம், தனிப்பாடகரைவிட நிலையான ஒப்பந்தம். நல்ல டெனர்கள் சோப்ரானோக்களைவிட (பெண்களின் உயர்ந்த குரல்) எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஆண்குரலுக்குத் தேவையும் இருக்கிறது. கொரியாவிலிருந்து போன எத்தனையோ பேர் இந்த வேலையில் குடும்பம் நடத்துகிறார்கள். சிறுவயதிலிருந்தே நான்கு குரலில் ஒன்றைப் பிடித்துப் பாடி, ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய இசைக் குறியீடு) பார்த்துப் பழகிய உங்கள் மகனுக்கு அந்த வேலையின் அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தோற்றவர்கள் போகும் இடம் என்று அவன் நினைத்தால், அந்த நினைப்பை இப்போதே மாற்றுங்கள்.

"நம்ம நிறத்துக்கு யார் மேடை கொடுப்பார்கள்" என்றும் கேட்டிருந்தீர்கள். இலங்கை வம்சாவளியில் அமெரிக்காவில் பிறந்த ஷான் பணிக்கர் என்ற டெனர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இசை விழாவில் முக்கியப் பாத்திரம் பாடியவர். 2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓபராவில் காந்தியாக நடித்துப் பாடினார். காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளைப் பற்றிய அந்த ஓபரா முழுவதும் சமஸ்கிருதத்தில், பகவத் கீதை வரிகளால் ஆனது. பசிபிக் தீவு நாடான சமோவாவில் பிறந்த டெனர் பெனே பாட்டி இன்று பெரிய ஐரோப்பிய மேடைகளில் பாடுகிறார். பாகுபாடு அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் வழி திறந்திருக்கிறது.

என் யோசனை இது. பிளஸ் டூ முடிந்ததும் அவன் சென்னையில் மூன்று வருடப் பட்டம் படிக்கட்டும், அவனுக்குப் பிடித்த பாடத்தில். கூடவே மேற்கத்தியக் குரலிசை. 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் விசாரியுங்கள். 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் குவாயரில் சேர முயலட்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வுகளின் கிரேடு சான்றிதழ்கள் நல்லவை, ஆனால் ஐரோப்பியக் கல்லூரிகள் சான்றிதழைப் பார்த்துச் சேர்ப்பதில்லை, பாடச் சொல்லிக் கேட்டுத்தான் சேர்க்கின்றன. இந்த மூன்று வருடத்தில் பியானோ ஓரளவுக்கு வர வேண்டும். அதைவிட முக்கியம் ஜெர்மன். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கதே இன்ஸ்டிட்யூட் சென்னையில் இருக்கிறது, பி2 நிலை (சரளமாகப் பேசும் அளவு) வரை படிக்கட்டும். இசை கைவிட்டாலும் அந்த மொழி வேலை வாங்கித் தரும்.

21 வயதில் ஜெர்மன் அரசு இசைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்குப் போகலாம். இருபதுகளின் நடுவில் வயது வரம்பு வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு, எனவே அதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் கிடையாது; பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) முதல் வருடச் செலவுக்கு 2024 கணக்குப்படி 11,904 யூரோ காட்ட வேண்டும். கல்விக் கடனையும் சேமிப்பையும் வைத்துத் திட்டமிடக்கூடிய தொகைதான் இது.

இந்த மாதமே செய்ய வேண்டியவை இரண்டு. குரல் பிரச்சினைகளைப் பார்க்கும் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டி, குரல்நாண்களை ஸ்கோப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு குவாயர் மாஸ்டரைச் சந்தித்து, வரும் கிறிஸ்துமஸுக்கு உச்ச சுரங்கள் உள்ள தனிப்பாட்டை இவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகன் கோபப்பட்டால் இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுங்கள்; அவனும் எனக்கு எழுதட்டும்.